டெக்சாஸ் மலைநாட்டில் ஒரு ஜெர்மன் ஊர்: ஃபிரெடெரிக்ஸ்பர்க் வந்த கதை

கேள்வி இதுதான்: "ஆஸ்டினிலிருந்து வார இறுதிக்கு ஃபிரெடெரிக்ஸ்பர்க் போயிருந்தோம். தெரு முழுக்க ஜெர்மன் பெயர்கள், 'வில்கொம்மன்' பலகைகள், சாசேஜ் கடைகள். சுற்றுலாவுக்காகப் போட்ட வேஷமா, இல்லை நிஜமாகவே ஜெர்மானியர் கட்டிய ஊரா? நிஜம் என்றால், கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி ஏன் வந்து உட்கார்ந்தார்கள்? இப்போது அங்கே யாராவது ஜெர்மன் பேசுகிறார்களா?"

நிஜமான ஜெர்மன் ஊர்தான். 1846 மே 8 அன்று, மாட்டு வண்டிகளில் வந்த சுமார் 120 பேர் தொடங்கியது. நூறு வருஷம் வரை அங்கே கடையில், கோயிலில், வீட்டில் ஜெர்மன்தான் பேச்சு. நீங்கள் பார்த்த பலகைகளில் பாதி பின்னால் வந்தவை என்பதும் உண்மை. ஆனால் பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புக்கல் சுவர்கள் அசல்.

என்னை வெகு நாளாக ஈர்த்தது வேறொரு கேள்வி. டெக்சாஸில் ஜெர்மானியர் குடியேறிய ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பல ஓரிரு தலைமுறையிலேயே மற்ற அமெரிக்க ஊர்களோடு கலந்து போயின. இந்த ஊர் மட்டும் ஏன் இவ்வளவு காலம் தன் முகத்தை வைத்துக்கொண்டது? யாரும் திட்டம் போட்டுக் காப்பாற்றவில்லை. இரண்டு முறை இந்த ஊர் வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. முதல் முறை மலையாலும் தூரத்தாலும், இரண்டாம் முறை ரத்தத்தாலும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1840களின் ஜெர்மனி என்று ஒரு நாடு கிடையாது. ஹெஸ்ஸே, நாசாவ், ஹானோவர், பிரஷ்யா என்று சிற்றரசுகளின் கூட்டம். ஜனத்தொகை ஏறிக்கொண்டிருந்தது, தகப்பன் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து ஆளுக்கு ஒரு கீற்றுதான் மிஞ்சியது. தறி வைத்திருந்தவன் பிழைப்பை ஆலைத்துணி தின்றது. இந்த நிலையில் 1842இல் ரைன் நதிக்கரையில், பீப்ரிஷ் என்ற இடத்தில் சில பிரபுக்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் 'அடெல்ஸ்ஃபெராயின்', அதாவது பிரபுக்கள் சங்கம் என்று பேர் பெற்றது. ஏழைகளை டெக்சாஸுக்கு அனுப்புவது, அங்கே ஒரு புது ஜெர்மனியை எழுப்புவது, கூடவே லாபமும் பார்ப்பது. அப்போது டெக்சாஸ் அமெரிக்காவோடு சேராத தனிக் குடியரசு. ஆள் வேண்டும் என்று நிலத்தை வாரிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. தனி ஆள் 120 டாலர், குடும்பம் என்றால் 240 டாலர் கட்ட வேண்டும். கப்பல் பயணம், உள்நாட்டுப் பயணம், ஒரு வீடு, முதல் அறுவடை வரைக்கும் உணவு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தனி ஆளுக்கு 160 ஏக்கர், குடும்பத்துக்கு 320 ஏக்கர். அரைக் கீற்று நிலத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட கிராமத்தில் 320 ஏக்கர் என்று காதில் விழுந்தால் எப்படி இருந்திருக்கும்!

அந்த நிலத்தைச் சங்கத்தார் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஃபிஷர், மில்லர் என்ற இருவரிடமிருந்து, லானோ நதிக்கும் கொலராடோ நதிக்கும் நடுவே முப்பது லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஆட்களைக் குடியேற்றும் உரிமையை வாங்கினார்கள். அது டெக்சாஸின் கொலராடோ நதி. அந்தப் பெயருள்ள மாநிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த இடம் கடற்கரையிலிருந்து ஐந்நூறு கி.மீ. அளவுக்கு உள்ளே இருந்தது. மண் மெலிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கொமான்ச்சி என்ற பழங்குடி மக்களின் வேட்டைக்காடு. குதிரைமேல் அவர்களை வெல்ல அந்தக் காலத்தில் ஆளில்லை. அவர்களைக் கேட்காமல் அவர்கள் நிலத்தை ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டு ஏக்கர் கணக்கில் விற்றார்கள். சங்கத்தின் மூலதனமோ இரண்டு லட்சம் குல்டன், அன்றைய மதிப்பில் சுமார் 80,000 டாலர். ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கண்டம் தாண்டிக் கொண்டுவந்து, முதல் விளைச்சல் வரை சோறு போட அது எந்த மூலைக்கு?

சங்கத்தின் சார்பில் முதலில் வந்த இளவரசர் கார்ல் 1845 மார்ச்சில் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரைத் தொடங்கினார். வாங்கிய நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு தங்குமிடமாக அது அமைந்தது. சில வாரங்களில் கடன் மூட்டையை விட்டுவிட்டு அவர் ஜெர்மனி திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் இந்தக் கதையின் முக்கிய மனிதர்: ஓட்ஃபிரீட் ஹான்ஸ் ஃபொன் மொய்சபாக். பிரபு வம்சம், சட்டம் படித்தவர், முப்பத்து மூன்று வயது. டெக்சாஸ் மண்ணில் இறங்கியதும் பிரபுப் பட்டத்தைக் கழற்றிவிட்டு வெறும் ஜான் மொய்சபாக் ஆனார். கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் சங்கத்திடம் பணம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கிய இடம் கார்ல்ஸ்ஹாஃபன். பின்னாளில் இண்டியனோலா என்று பெயர் மாறி, புயல்களில் அழிந்தே போன துறைமுகம். 1845-46 குளிர்காலத்தில் விடாத மழை. கூரை கிடையாது, மணலில் குழி தோண்டி மேலே துணி கட்டிக்கொண்டு குடும்பங்கள் கிடந்தன. வசந்தம் வந்ததும் உள்நாட்டுக்குக் கிளம்பலாம் என்றிருந்தபோது அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. இருந்த மாட்டு வண்டிகளையெல்லாம் நல்ல வாடகைக்கு ராணுவம் எடுத்துக்கொண்டது. குடியேறிகளை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவின. கடற்கரையிலும், நடந்தே கிளம்பியவர்கள் வழியிலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஊரின் தோற்றத்தைக் கொண்டாடும்போது இதை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. இந்த ஊரின் முதல் கல்லறைகள் ஊரில் இல்லை, வழியில்தான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு அடையாளம்கூடக் கிடையாது.

1846 ஏப்ரல் 23 அன்று நியூ பிரான்ஃபெல்ஸிலிருந்து முதல் வண்டித் தொடர் கிளம்பியது. பதினாறு நாள் பயணம். இன்று காரில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பெடர்னாலஸ் நதிக்கு வடக்கே இரண்டு ஓடைகளுக்கு நடுவில், மொய்சபாக் முன்பே பார்த்து வைத்திருந்த இடத்தில் நின்றார்கள். அந்த நதியை ஊர்க்காரர்கள் 'பெர்டனாலஸ்' என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது நினைவிருக்கட்டும். சங்கத்தில் இருந்த பிரஷ்ய இளவரசர் ஃபிரெடெரிக் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஊருக்குள் ஒரு மனையும், வெளியே பத்து ஏக்கரும் கிடைத்தன. 320 ஏக்கர் எங்கே, பத்து ஏக்கர் எங்கே! மீதி நிலம் லானோவுக்கு அப்பால், கொமான்ச்சி நாட்டில் இருந்தது. சங்கத்தின் ஒப்பந்தப்படி குறித்த காலத்துக்குள் அந்த நிலத்தை அளந்தாக வேண்டும். அளக்க எந்த நில அளவையாளரும் போகத் தயாராக இல்லை.

இங்கேதான் மொய்சபாக் செய்த காரியம் வருகிறது. 1847 ஜனவரியில் சுமார் நாற்பது பேரோடு அவர் கொமான்ச்சி நாட்டுக்குள் போனார். போகவேண்டாம் என்று டெக்சாஸ் ஆளுநர் ஆள் அனுப்பித் தடுத்துப் பார்த்தார். தடுக்க வந்த ராபர்ட் நெய்பர்ஸ் என்ற அதிகாரியும், டெலவேர் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஜிம் ஷாவும் கடைசியில் கூடவே சேர்ந்து போனார்கள். கொமான்ச்சி முகாமை நெருங்கியபோது, போர் வீரர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, மொய்சபாக்கும் அவருடைய ஆட்களும் தங்கள் துப்பாக்கிகளை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலி செய்தார்கள். உன்னை நம்பித்தான் வந்திருக்கிறேன் என்பதை மொழி தெரியாத இடத்தில் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? அவருடைய செந்தாடியைப் பார்த்து 'எல் சோல் கொலராடோ', செஞ்சூரியன், என்று அவர்கள் பெயர் வைத்தார்கள்.

மார்ச் முதல் வாரத்தில் சான் சாபா நதிக்கரையில் பேச்சுவார்த்தை நடந்தது. எருமைத்திமில், சாந்தா அன்னா, முது ஆந்தை ஆகிய மூன்று தலைவர்கள் எதிரே. மே மாதம் கொமான்ச்சிகள் ஃபிரெடெரிக்ஸ்பர்குக்கே வந்து உடன்படிக்கையை உறுதி செய்தார்கள். ஜெர்மானியர் கொமான்ச்சி நிலத்தில் பயமில்லாமல் போகலாம், அளக்கலாம், குடியேறலாம். கொமான்ச்சிகள் ஜெர்மன் ஊர்களுக்குள் பயமில்லாமல் வரலாம். பதிலுக்கு 3,000 டாலர் மதிப்புள்ள பொருள்கள். அரசாங்கம் நடுவில் இல்லை, ராணுவம் பக்கத்தில் இல்லை. பல ஆண்டுகள் கொமான்ச்சிகள் தோலும் தேனும் கொண்டுவந்து இந்த ஊர் வீதியில் விற்றிருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் மூலப்பிரதி 1970இல் ஐரோப்பாவிலிருந்து டெக்சாஸுக்குத் திரும்பி, 1972இல் டெக்சாஸ் மாநில நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

'ஒருபோதும் மீறப்படாத உடன்படிக்கை' என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையில் நியாயம் இருக்கிறது. அன்றைய டெக்சாஸில் பழங்குடிகளோடு இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒப்பந்தத்தின் முக்கியமான ஷரத்தை நிதானமாகப் பாருங்கள்: நில அளவையாளர்களை உள்ளே விடுவது. சங்கிலி பிடித்து அளந்த நிலத்துக்குப் பட்டா வரும். பட்டா வந்தால் வேலி வரும். மூன்று பத்தாண்டுகள் கூட ஆகவில்லை, 1875இல் கடைசிக் கொமான்ச்சிக் குழுவும் ஓக்லஹோமாப் பக்கம் ஒதுக்கப்பட்ட நிலத்துக்குத் தள்ளப்பட்டது. அதைச் செய்தது ஃபிரெடெரிக்ஸ்பர்க் விவசாயி அல்ல, அமெரிக்க ராணுவம். இருந்தாலும் அந்த நிலத்தில் இன்று நிற்கும் வீடுகள் யாருடையவை என்று பார்த்தால், இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

இதோடு ஒட்டிய ஒரு ஊர்க்கதை உண்டு. மொய்சபாக் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்த சமயம், சுற்றியுள்ள குன்றுகளில் இரவெல்லாம் கொமான்ச்சிகளின் நெருப்பு எரிந்ததாம். பயந்து அழுத பிள்ளைகளிடம் ஒரு தாய், "அது ஈஸ்டர் முயல்கள் முட்டைக்குச் சாயம் காய்ச்சும் அடுப்பு, தூங்குங்கள்" என்றாளாம். அதன் நினைவாக ஈஸ்டருக்கு முந்தின இரவு குன்றுகளில் நெருப்பு மூட்டும் வழக்கம் வந்தது என்பார்கள். வட ஜெர்மனியில் ஈஸ்டர் நெருப்பு அதற்கும் வெகு காலம் முந்தியது. குடியேறிகள் அதைக் கையோடு கொண்டுவந்தார்கள். பழைய வழக்கத்துக்குப் புது ஊர் தன் சொந்தக் கதையைக் கட்டிக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, ஊர் எப்படி எழுந்தது? நடுவே நீளமான ஒரே பெரிய தெரு, மாட்டு வண்டி ஒரே வீச்சில் திரும்பும் அகலம். தெருவின் நட்ட நடுவில் 1847இல் ஒரு எண்கோணக் கட்டடம் கட்டினார்கள்: ஃபெராயின்ஸ் கிர்ஹெ, சங்கக் கோயில். ஒவ்வொரு பக்கமும் 18 அடி. உச்சியில் குமிழ் வைத்த கூரையைப் பார்த்து ஜனங்கள் 'காப்பி மில்' என்றார்கள். கத்தோலிக்கர், லூத்தரன் எல்லாருக்கும் அதுதான் கோயில், வாரநாளில் பள்ளிக்கூடம், ஆபத்து வந்தால் கோட்டை. பிறகு ஒவ்வொரு சபையும் தனக்கென்று கோயில் கட்டிக்கொண்டு விலகியது. கேட்பாரில்லாமல் கிடந்த அதை, ஐம்பதாம் ஆண்டு விழா முடிந்ததும் 1897இல் இடித்துவிட்டார்கள். நீங்கள் பார்த்திருப்பது 1930களில் எழுப்பிய மறுபதிப்பு.

பட்டினியிலிருந்து தூக்கிவிட்டதில் வெளியாருக்கும் பங்கு உண்டு. 1847இல் பக்கத்திலேயே வந்து குடியேறிய மார்மன் என்ற மதப் பிரிவினரின் குழு ஒன்று ஆலை வைத்து மரம் அறுத்துக் கொடுத்தது, மாவு அரைத்துக் கொடுத்தது, அந்த மண்ணில் எதை எப்படிப் பயிரிடுவது என்றும் காட்டியது. 1848இல் அமெரிக்க ராணுவம் ஊர் ஓரத்தில் மார்ட்டின் ஸ்காட் கோட்டையைக் கட்டியது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு மேற்கே ஓடியவர்களில் ஒரு கூட்டம் இந்த வழியாகப் போனது. கோட்டைக்குச் சோளமும் வைக்கோலும், பயணிக்கு ரொட்டியும் லாடமும். ஊரில் முதன்முதலாகக் கையில் காசு புழங்கியது அப்போதுதான்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ஜெர்மனியில் பழகிய மரச்சட்ட வீட்டைத்தான் இங்கேயும் தொடங்கினார்கள்: குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம், இடைவெளியில் மண்ணுக்குப் பதிலாகக் கிடைத்த சுண்ணாம்புக்கல். நாளாக ஆக முழுச் சுவரும் கல்லானது. பெரிய தெருவில் பல கடைகளின் உள்சுவரில் இந்தக் கல் அப்படியே தெரியும். கையால் தொட்டுப் பாருங்கள், வெயில் நேரத்திலும் குளிர்ச்சியாக இருக்கும்.

அப்புறம் 'ஞாயிறு வீடு'. இது இந்த ஊரின் தனிச்சொத்து. பண்ணைகள் பத்து, பதினைந்து கி.மீ. தள்ளி இருந்தன. ஞாயிறு காலைப் பூஜைக்கு அன்றே கிளம்பி வந்து திரும்ப முடியாது. ஆகவே ஊர் மனையில் ஒரு குட்டி வீடு கட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை வந்து சாமான் வாங்குவது, இரவு தங்குவது, காலையில் கோயில், மதியச் சாப்பாடு, திரும்பப் பண்ணைக்கு. முன்னோடிகள் அருங்காட்சியகத்தில் 1904இல் கட்டிய வெபர் குடும்பத்து ஞாயிறு வீடு இருக்கிறது. உள்ளே போய் நின்றால் நம் ஊர்ச் சாவடி அளவுகூட இல்லை. ஒரே அறை, ஓர் அடுப்பு, ஒரு மேசை. இப்படிப்பட்ட வீடுகள் பலவற்றில் பரணுக்குப் போகும் படிக்கட்டு வெளிச்சுவரில்தான் இருக்கும். உள்ளே படி வைத்தால் அறையில் இடம் போய்விடும். பையன்கள் வெளியே ஏறிப் போய்ப் பரணில் படுப்பார்கள். கார் வந்ததும் ஞாயிறு வீட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வயதான பெற்றோர் கடைசிக் காலத்தைக் கழிக்கும் வீடாகச் சில மாறின. இன்று பல, ஓர் இரவுக்கு நல்ல தொகை வாங்கும் விருந்தினர் இல்லங்கள்.

இனி, ரத்தத்தால் துண்டிக்கப்பட்டது என்றேனே, அது.

1861 பிப்ரவரியில், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரியலாமா என்று டெக்சாஸில் வாக்கெடுப்பு நடந்தது. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோய், உள்நாட்டுப் போர் மூளவிருந்த நேரம் அது. மாநிலம் பெருவாரியாகப் பிரிவினை பக்கம் நின்றது. ஃபிரெடெரிக்ஸ்பர்கைத் தலைநகராகக் கொண்ட கில்லெஸ்பி கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். அங்கே அடிமை வைத்திருந்தவர்கள் மிகச் சொற்பம். குடும்பமே உழைக்கும் சின்னப் பண்ணைகள். சுற்றுவட்டாரத்தில், ஜெர்மனியில் 1848இல் நடந்த புரட்சி தோற்று ஓடிவந்த படித்தவர்கள் வேறு இருந்தார்கள். அடிமை முறை அவர்களுக்கு ஆகவே ஆகாது. இன்னொரு காரணம் எளிமையானது: இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்து குடியுரிமை வாங்கி அப்போதுதான் சில வருஷம் ஆகியிருந்தது.

எல்லாரும் ஒரே பக்கம் என்று நினைக்கவேண்டாம். ஊரின் பெரிய ஹோட்டல்காரர் சார்லஸ் நிமிட்ஸ் தெற்கத்தியப் படைக்கு ஆள் சேர்க்கும் அதிகாரியாக இருந்தார். ஆனால் 1862இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்து, மலைநாட்டில் ராணுவ ஆட்சியும் வந்தபோது, ஒன்றிய ஆதரவாளர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ போய்விடலாம் என்று கிளம்பினார்கள். ஆகஸ்ட் 10 விடிவதற்கு முன், நுவேசஸ் நதிக்கரையில் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தைத் தெற்கத்தியக் குதிரைப்படை சூழ்ந்தது. 19 பேர் சண்டையில் விழுந்தார்கள். காயம்பட்டுப் பிடிபட்ட ஒன்பது பேரைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள். தப்பியவர்களில் சிலர் அக்டோபரில் ரியோ கிராண்டே நதியைக் கடக்கும்போது கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களைப் புதைக்கக்கூட விடவில்லை; எலும்புகள் மூன்று வருஷம் வெட்டவெளியில் கிடந்தன.

போர் முடிந்ததும் உறவினர்கள் போய் அந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து, ஃபிரெடெரிக்ஸ்பர்குக்குத் தெற்கே சுமார் நாற்பது கி.மீ. தள்ளியுள்ள கம்ஃபர்ட் என்ற ஊரில் புதைத்தார்கள். 1866 ஆகஸ்ட் 10 அன்று அதன்மேல் ஒரு சுண்ணாம்புக்கல் தூண் நட்டார்கள். 'ட்ரொயெ டேர் யூனியோன்' என்று ஜெர்மனில் பொறித்திருக்கிறது: ஒன்றியத்துக்கு விசுவாசம். தெற்கு மாநிலங்களில் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர்களுக்கு இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்கள் மிக அரிது. பக்கத்தில் 36 நட்சத்திரம் போட்ட பழைய கொடி அரைக்கம்பத்தில் பறக்கிறது. தூணின் பக்கங்களில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எல்லாம் அந்த வட்டாரத்தில் இன்றும் கடைப் பலகையில், தபால் பெட்டியில் காணும் பெயர்கள்.

ஊருக்குள் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 'ஹெங்கபாண்ட', தூக்குக் கும்பல், என்று ஜனங்கள் பெயர் வைத்த ஒரு கூட்டம் இரவில் வீடு புகுந்து ஆட்களை இழுத்துப் போய் மரத்தில் தொங்கவிட்டது. ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அப்படிச் செத்தார். கும்பலின் தலைவன் வால்ட்ரிப், போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து ஊருக்குள் துணிந்து வந்தபோது, நிமிட்ஸ் ஹோட்டல் பக்கத்தில் யாரோ சுட்டுக் கொன்றார்கள்.

இதற்குப் பிறகு அந்த மக்கள் யாரை நம்புவார்கள்? ஆங்கிலம் பேசும் டெக்சாஸ் என்றாலே ஒரு தயக்கம். கல்யாணம் தங்களுக்குள், வியாபாரம் தங்களுக்குள், பாட்டுச் சங்கம், துப்பாக்கி சுடும் சங்கம் எல்லாம் தங்களுக்குள். 1877இல் தொடங்கிய ஜெர்மன் வாரப்பத்திரிகை 1940கள் வரை வந்தது. சுற்றியிருந்த மலையும் அதே வேலையைச் செய்தது. சான் அன்டோனியோவுக்கும் ஆஸ்டினுக்கும் ரயில் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் இங்கே வரவில்லை. குன்றைக் குடைய எந்தக் கம்பெனிக்கும் மனசில்லை. கடைசியில் ஊர்க்காரர்களே பணம் திரட்டி, 920 அடி நீளத்துக்குச் சுரங்கப்பாதை குடைந்து, 1913இல்தான் ரயில் வந்தது. அந்த ரயில் ஒருநாளும் நிம்மதியாக லாபம் பார்க்கவில்லை. 1942இல் சேவை நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துப் போருக்குப் பழைய இரும்பாகக் கொடுத்துவிட்டார்கள். ஊர் தொடங்கி அறுபத்தேழு வருஷம் ரயில் இல்லாமல் இருந்ததுதான் மொழியைக் காத்தது என்பது என் எண்ணம். ரயில் வந்த ஊரில் வேலை தேடி வெளியார் வருவார்கள், பிள்ளைகள் வெளியே போவார்கள். இங்கே இரண்டும் மெதுவாகத்தான் நடந்தது.

மொழி உடையத் தொடங்கியது முதல் உலகப் போரில். ஜெர்மனி எதிரி நாடானதும் ஜெர்மன் பேசுவது சந்தேகத்துக்குரிய காரியம் ஆயிற்று. 1918இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. 1919இல் ஆளுநர் ஹாபி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்மன் துறைக்கான நிதியையே வெட்டினார். வீட்டுக்குள் பேச்சு தொடர்ந்தது. இரண்டாம் போர் வந்ததும் பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். தடை போட்டதைவிட இது ஆழமாக வெட்டியது. தாய்மொழி தெரிந்த அப்பா அம்மா, பிள்ளையின் நன்மைக்கு என்று நினைத்து அதைத் தங்களுக்குள் மட்டும் ரகசியம் பேச வைத்துக்கொண்டால், அடுத்த தலைமுறைக்குக் காதில் விழுமே தவிர வாயில் வராது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் யாருக்கும் இதை நான் விளக்கவேண்டியதில்லை.

அந்த இரண்டாம் போரில் பசிபிக் கடலில் அமெரிக்கக் கடற்படையை நடத்தியவர் இந்த ஊர்ப்பிள்ளைதான். ஹோட்டல்காரர் நிமிட்ஸின் பேரன் செஸ்டர் நிமிட்ஸ், 1885இல் பெரிய தெருவில் ஒரு சின்ன வீட்டில் பிறந்தார். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். இளமையில் கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் கடல்கதைகள்தான் வளர்த்தன. கடலே இல்லாத ஊரில் தாத்தா தன் ஹோட்டலுக்குக் கப்பல் முகப்பு வைத்துக் கட்டியிருந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று மிசூரி கப்பலில் ஜப்பானின் சரணடைவுப் பத்திரத்தில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் இந்தப் பேரன். அந்த ஹோட்டல் இன்று பசிபிக் போர் அருங்காட்சியகத்தின் பகுதி. அதன் பின்புறத்தில் 1976இல் ஜப்பானியர் அன்பளிப்பாக அமைத்துத் தந்த அமைதித் தோட்டம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் பீரங்கிகளைப் பார்த்து முடித்ததும் பலர் நேரே கிளம்பிவிடுகிறார்கள். தோட்டத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

போருக்குப் பிறகு கதை வேகமாக நகர்கிறது. நல்ல சாலை வந்தது. பக்கத்து ஸ்டோன்வாலில் பிறந்த லின்டன் ஜான்சன் பெரிய பதவிக்கு வந்தார். 1961 ஏப்ரலில் துணை ஜனாதிபதியாக இருந்தபோது மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடெனாவரை இந்த ஊருக்கு அழைத்து வந்தார். 1963 டிசம்பரில், ஜனாதிபதியான சில வாரங்களில், அடுத்த தலைவர் எர்ஹார்டுக்கு ஸ்டோன்வால் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் விருந்து வைத்தார். ஜெர்மன் என்பது மறைக்கவேண்டிய விஷயமாக இருந்தது போய், காட்டவேண்டிய விஷயமாக மாறிய காலம் அது. பீச் தோட்டங்கள் அதற்கு முன்பே காலூன்றியிருந்தன. குளிர்காலத்தில் போதிய மணி நேரம் குளிர் விழுந்தால்தான் பீச் மரம் பூக்கும். இந்த மலைநாட்டுக்கு அந்தக் குளிர் உண்டு. பிறகு ஒயின் வந்தது. இன்று 290 நெடுஞ்சாலை நெடுக ஒயின் பண்ணைகள்தான்.

வேஷம் எங்கே வருகிறது என்றால், இங்கேதான். கடைகளில் தொங்கும் தோல் நிக்கரும் இறகு வைத்த தொப்பியும் பவாரியா நாட்டு உடை. இந்த ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஹெஸ்ஸே, நாசாவ், ஹானோவர் பக்கத்து விவசாயிகள். அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்கள் அதை உடுத்தியதே இல்லை. அமெரிக்கர் மனத்தில் ஜெர்மன் என்றால் பவாரியா என்பதால் அது விற்கிறது. இதனால் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, கவலை வேறு. நிலவிலையும் வாடகையும் ஏறி, பழைய வீடுகள் விருந்தினர் இல்லங்களாக மாற, அந்த ஹோட்டல்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள், குறிப்பாக மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள், ஊருக்குள் வீடு எடுக்கத் திண்டாடுகிறார்கள். 10,000 பேர் சுமாருக்கு வாழும் ஊர். குடியேறிகள் கட்டிய ஊரில் இன்றைய குடியேறிக்கு இடம் இல்லாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜெர்மன் பேசுகிறார்களா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பேசுகிறார்கள், மிகச் சிலர், பெரும்பாலும் எண்பதைத் தாண்டியவர்கள். அது ஜெர்மனியில் பேசும் ஜெர்மன் அல்ல. பல வட்டாரப் பேச்சுகள் ஒன்றாகக் கலந்து இந்த மண்ணில் விளைந்த 'டெக்சாஸ் ஜெர்மன்'. அழகு என்பதற்கான 'ஷ்யோன்' இங்கே 'ஷேன்' ஆகிவிட்டது. வேலிக்கு ஆங்கிலத்தை இழுத்து 'ஃபென்ஸ்'. ஐரோப்பாவில் கண்டிராத ஸ்கங்க் என்ற பிராணிக்கு, நாற்றப்பூனை என்று பொருள்படும் 'ஷ்டிங்க்காட்ஸெ' என்று தாங்களே பெயர் வைத்தார்கள். விமானத்துக்கு 'லுஃப்ட்ஷிஃப்', காற்றுக்கப்பல். விமானம் வருவதற்குள் தாய்நாட்டோடு தொடர்பு அறுந்துவிட்டதால், பழைய சொல்லையே அதற்கும் வைத்துக்கொண்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் என்ற மொழியியலாளர் 2001 முதல் இந்தப் பேச்சைப் பதிவு செய்து வருகிறார். நல்லவேளை, குரல்களாவது இருக்கின்றன.

மறுபடி போனால் இரண்டு இடம் விட்டுவிடாதீர்கள். ஒன்று, ஊர்க் கல்லறைத் தோட்டம். வாசலில் 'டேர் ஷ்டாட் ஃப்ரீட்ஹோஃப்' என்று இருக்கும். பழைய பகுதியிலிருந்து புதிய பகுதிக்கு மெல்ல நடந்தால், கற்களில் 'கெபோரன்', 'கெஷ்டோர்பன்' என்று பிறப்பும் இறப்பும் ஜெர்மனில் இருப்பது, அதே குடும்பப் பெயர்களின் கீழ் ஆங்கிலமாக மாறுவதைக் காணலாம். இரண்டு, கம்ஃபர்ட் போகும் வழியில் அந்தப் பழைய ரயில் சுரங்கம். ரயில் போனதும் வவ்வால்கள் குடியேறிவிட்டன. இப்போது அது மாநிலப் பூங்கா. மே முதல் அக்டோபர் வரை பொழுது சாயும் நேரத்தில், முப்பது லட்சம் வரை இருக்கும் என்று கணக்கிடப்படும் வவ்வால்கள் அந்த 920 அடிக் குகையிலிருந்து புகை மாதிரி சுழன்று எழும்பும். போகும் முன் நேரத்தையும் அனுமதிச் சீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ஃபர்ட் நினைவுத்தூணை மாலை நான்கு மணிக்குள் பார்த்துவிட்டால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம்.